துமானும் தக்காளிப் பாத்தியும்

திரித்துவத் திருநாளுக்குத் தன் தம்பி ஆர்த்யோம் படகில் வருவான், திரும்பிப் போகும்போது நாயையும் ஏற்றிக்கொண்டு போகட்டும் என்று மாமியார் உலீத்தா சொன்னபோது அன்ஃபீஸா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். உலீத்தா குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"அவன்கிட்ட மாடு இருக்கு. கண்ணுக்கெட்டுன வரைக்கும் மணல்மேடு. சங்கிலியில கட்டிப் போட்டா காவலுக்கு ஆச்சு. எவ்வளவு வேணாலும் தோண்டட்டும். அங்க கெட்டுப்போக ஒண்ணுமில்ல."

"சங்கிலியிலயா அத்தை?"

"பின்ன, பட்டுக் கயித்துலயா கட்டுவாங்க?"

அன்ஃபீஸா சீவிக்கொண்டே இருந்தாள். கையில் இருந்த கிழங்கு தேவைக்கு அதிகமாகவே சிறுத்துவிட்டது.

போன இலையுதிர் காலத்தில்தான் அவள் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தாள். ரஸிம் ஏரிக்கரையிலிருந்து படகில் வந்து இறங்கும்போது ஒரு மரப்பெட்டி, அம்மா வணங்கிய திருவுருவப் பலகை, ஒரு நாய், அவ்வளவுதான் அவள் கொண்டுவந்தது. மூடுபனி நிறத்தில் இருந்ததால், அவர்கள் மொழியில் அதே பொருள் தரும் துமான் என்று நாய்க்குப் பெயர். அம்மா இறந்தபின் இரண்டு குளிர்காலம் அந்த ஏரிக்கரை வீட்டில் அன்ஃபீஸாவோடு மூச்சுவிட்டுக்கொண்டிருந்த ஒரே உயிர் அது. கணவன் சவேலி டான்யூப் நதியில் இழுவைப் படகில் வேலை பார்க்கிறான். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். அந்த நாட்களில் அவள் மனதில் உள்ளதைக் கேட்டுக்கொள்ளத் துமான்தான் இருந்தது. அது சங்கிலியில் கிடந்து ஊளையிடுவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஆனால் மாமியாரைத் தப்பு சொல்லவும் அவளால் முடியவில்லை. இந்த ஊர் கால்வாய்க்கும் நாணல்காட்டுக்கும் நடுவே ஒரு துண்டு நிலம். முற்றத்து மண் தானாக வந்த மண் அல்ல. ஒவ்வொரு வசந்தத்திலும் உலீத்தாவும் மாமனார் கிரீலாவும் கால்வாயின் அடி வண்டலை வாரி, தோணியில் ஏற்றி, வாளி வாளியாகச் சுமந்து கொட்டிச் சேர்த்த மண் அது. பனி கிடக்கும்போதே ஜன்னலோரம் தயிர்க் கிண்ணங்களில் விதை போட்டு, பிள்ளையைப் போலப் பார்த்து வளர்த்த தக்காளி நாற்று. அதை ஒரு நாய் இரவுதோறும் தோண்டி வேரோடு பிடுங்கிப் போட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? அன்ஃபீஸா தன்னிடமே இதைக் கேட்டுக்கொண்டாள். தனக்கும் வரும் என்றுதான் பதில் கிடைத்தது.

எனவே திருநாளுக்குள் நாயின் வழக்கத்தை நிறுத்துவது என்று முடிவு செய்தாள். முதலில் பாத்தியைச் சுற்றி மிளகாய்த்தூள் தூவினாள். துமான் முகர்ந்தது, பத்துத் தெருவுக்குக் கேட்கும்படி தும்மியது, பிறகு அதே இடத்தில் தோண்டியது. நாணல் தட்டியால் வேலி கட்டினாள். வேலிக்கு அடியில் தோண்டிக்கொண்டு உள்ளே போனது. பழைய மீன்வலையை மண்ணின் மேல் விரித்துப் பார்த்தாள். மறுநாள் காலையில் நாய் வலைக்குள் சுருண்டு கிடந்தது. வலையை அறுத்துத்தான் அதை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. கட்டி வைத்தால் விடிய விடிய ஊளை. பக்கத்து வீட்டுப் பெலகேயா வேலிக்கு மேலே தலையை நீட்டி, "உலீத்தா, உங்க வீட்டுல யாரு செத்தா? சொல்லியனுப்பியிருந்தா மெழுகுவத்தி கொண்டுவந்திருப்பேனே!" என்று கேட்டாள். உலீத்தா சிரிக்கவில்லை.

வேலை இல்லாத நாய்தான் தோண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மாலையில் கரையோரமாக அதன் நாக்கு தரையைத் தொடும்வரை நடத்திக்கொண்டு போனாள். அவளுக்குக் கால் வலித்தது. துமானுக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. விடிவதற்கு முன்னால் எழுந்து புது உற்சாகத்தோடு தோண்டியது.

இதில் ஒரு விஷயம் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. அவள் எழுந்து வருவதற்குள் சில குழிகள் மூடப்பட்டிருந்தன. நாற்று மறுபடி நடப்பட்டு, குச்சி ஊன்றி, தண்ணீர்கூட ஊற்றியிருந்தது. ஈர மண்ணின் நிறத்தை வைத்துத்தான் அங்கே குழி இருந்ததே தெரியும். மாமியார்தான் சத்தமில்லாமல் இதைச் செய்கிறாள் என்று அன்ஃபீஸா நினைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். ஒரு வார்த்தை சொல்லாமல் மூடிவைத்த ஒவ்வொரு குழியும் 'உன்னால்தானே' என்று சொல்வது போல இருந்தது. சாப்பாட்டு மேசையில் அவள் தலை நிமிரவே இல்லை.

நாய் எல்லா இடத்திலும் தோண்டவில்லை என்பதையும் அவள் கவனித்தாள். வாசல் கதவை ஒட்டிய வரிசைகள் மட்டும்தான். கிணற்றுப் பக்கத்து வரிசைகளில் ஒரு நகக்கீறல்கூட இல்லை. வாசல் பக்கம் நிழல் அதிகம், மண் குளிர்ச்சியாக இருக்கும், அதனால்தான் என்று எண்ணி, கிணற்றடியில் பழைய பாயைக் கட்டி நாய்க்கென்று ஒரு நிழல் செய்துவைத்தாள். துமான் அந்த நிழலில் படுத்து நன்றாக ஓய்வெடுத்துக்கொண்டது. தோண்டுவதற்கு மட்டும் வாசல் பக்கம் போனது.

திருநாளுக்குச் சில நாட்களே இருந்தபோது, நாயைக் கையும் களவுமாகப் பிடித்து அதட்டினால் பலன் இருக்குமோ என்று கருக்கலிலேயே எழுந்து கதவைத் திறந்தாள். நாய் தன் வேலையை ஏற்கெனவே முடித்திருந்தது. தோண்டிய இடத்தில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு கிரீலா நின்றிருந்தார். ஒரு கையில் வாளி. இன்னொரு கையில் பிடுங்கிய நாற்று. அதன் வேரை ஊதி ஊதி மணல் போக்கிக்கொண்டிருந்தார். துமான் பக்கத்தில் உட்கார்ந்து, வேலைக்காரனை மேற்பார்வை பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மாமா?"

கிரீலா திடுக்கிட்டு வாயில் விரலை வைத்தார். "ஷ்ஷ்! உங்கத்த எழுந்திரிச்சிடப் போறா."

"நீங்களா மூடுறீங்க இத்தன நாளா?"

"வலை பாக்கப் போறதுக்கு முன்னால ஒரு எட்டு பாத்துட்டுப் போறேன். அவ கண்ணுல படாம இருந்தா உனக்கு ஒரு பேச்சு மிச்சம்தானே." அவர் குனிந்தார். பாதிக்குமேல் குனிய முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "கண்ணுல பட்டது கொஞ்சம்தான் அம்மாடி. முழுக்க அவ பாத்திருந்தா, நாயோட என்னையும் சேத்து ஏத்தி அனுப்பியிருப்பா."

இத்தனை நாளாகக் குற்றச்சாட்டு என்று அவள் நினைத்திருந்த ஒவ்வொரு குழியும் அவளுக்காக ஒருவர் செய்த காரியம். இடுப்பு வலியோடு, வேலைக்குப் போகும் அவசரத்தில், யாருக்கும் சொல்லாமல் செய்த காரியம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்றை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள்.

அப்போது கிரீலா வாளிக்குள் கைவிட்டு ஒரு மீன் தலையை எடுத்துக் குழிக்குள் போட்டார். கடலிலிருந்து நதியேறி வரும் உல்லம் மீன் சீசன் அது. வீட்டுக்கு வீடு மீனை அரிந்து உப்பிட்டுப் பீப்பாயில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தலைக்கும் குடலுக்கும் பஞ்சமே இல்லை.

"மாமா, அது எதுக்கு?"

"எது?"

"மீன் தலை."

கிரீலா அவளை விநோதமாகப் பார்த்தார். "குழியச் சும்மாவா மூடுவாங்க? இந்த மண்ணுல என்ன இருக்கு, வெறும் மணலும் சேறும். மீன் போட்டாத்தான் தக்காளி காய்க்கும். உங்க ஊருல போட மாட்டாங்களா?"

"எங்க ஊருல கருப்பு மண்ணு மாமா. மீன் குடலப் பன்றிக்குப் போடுவோம்."

"வீண் பண்ணுறீங்க" என்றார் கிரீலா. மண்ணைத் தள்ளி, பூட்ஸ் காலால் மெல்ல மிதித்தார்.

அன்ஃபீஸா நாயைப் பார்த்தாள். நாய் அந்தப் பூட்ஸ் காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் வாலின் நுனி மட்டும் ஆடியது.

"நீங்க மூடுன ஒவ்வொரு குழியிலயும் ஒரு தலை போட்டீங்களா மாமா?"

"ஒண்ணு, சில சமயம் ரெண்டு. எதுக்குக் கஞ்சத்தனம்?"

அவளுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். இரவுதோறும் நாய் ஒரு குழி தோண்டும், விடிந்ததும் இவர் அதில் புது மீன் வைத்து மூடுவார், நாய்க்கு அடுத்த நாள் சாப்பாடு தயார். கிரீலாவுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. இந்த ஊரில் நாய்களுக்கு எங்கே திரும்பினாலும் மீன்தான், படகுத்துறையில் வேண்டாம் வேண்டாம் என்கிற அளவுக்குக் கிடைக்கும். மீனுக்காக ஒரு நாய் மண்ணைத் தோண்டும் என்று ஊரில் எவருக்கும் தோன்றியதில்லை. ஆனால் துமான் இந்த ஊர் நாய் இல்லையே, தலையும் குடலும் பன்றிக்குப் போகிற ஊரிலிருந்து வந்தது. புரிந்ததும் அவர் முகம் வெளுத்தது.

"அடக் கடவுளே. உன் நாய நானே படகேத்தப் பாத்தேனா?"

"விடுங்க மாமா. இனிமே போடாதீங்க, போதும்."

"உங்கத்தைக்குத் தெரிய வேண்டாம் அம்மாடி. ஊரு பூராச் சொல்லிச் சிரிப்பா. பெலகேயா காதுல விழுந்தா அடுத்த குளிர்காலம் வரைக்கும் தாங்கும்."

"சொல்ல மாட்டேன்" என்றாள் அன்ஃபீஸா. அந்த நேரத்தில் அவர் வேறு எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள்.

ஆனால் மீன் போடுவதை நிறுத்தியதால் நாய் நிற்கவில்லை. போட்ட மீன் மண்ணுக்குள் அப்படியே இருந்ததே. துமான் ஒவ்வொரு செடியாக விசாரித்துக்கொண்டு முன்னேறியது. வெள்ளிக்கிழமை காலையில் வாசலோரத்து முதல் செடி, எருதின் இதயம் என்று சொல்வார்களே, அந்தப் பெரிய தக்காளி இனத்தில் உலீத்தா பொத்திப் பொத்தி வளர்த்த செடி, தண்டு முறிந்து கிடந்தது. அதை ஒட்டவைக்க யாராலும் முடியாது. உலீத்தா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "நாளைக்கு ஆர்த்யோம் வரான்" என்று மட்டும் சொன்னாள்.

அன்று முழுவதும் அன்ஃபீஸா வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாய் தப்பித்துவிடும். ஆனால் அந்த ஒரு வார்த்தை, தனக்காக இடுப்பு வலியோடு குனிந்த மனிதரைக் காட்டிக்கொடுக்கும். தான் செய்வது சரிதானா என்று அவளுக்கே நிச்சயமில்லை. நாய்க்கு நன்றி உண்டு என்கிறார்கள், எனக்கு இருக்க வேண்டாமா என்று மட்டும் தோன்றியது. சவேலிக்குப் போன் செய்தாள். எஞ்சின் சத்தத்துக்கு நடுவே அவன், "நான் வந்து அம்மாகிட்டப் பேசறேன், கொஞ்சம் பொறு" என்றான். அவன் வருவதற்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அவள் துமானின் கழுத்து முடியைச் சீவிவிட்டாள். கிரீலா வலை தைக்கிறேன் என்று கொட்டகைக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

சனிக்கிழமை முன்மதியத்தில் ஆர்த்யோமின் படகு துறைக்கு வந்தது. நாளைய திருநாளுக்காகத் தரையில் பரப்பப் பசும்புல்லும், கதவில் செருகக் கிளைகளும் படகு நிறைய இருந்தன. அவற்றின் மேல் சுருட்டி வைத்த சங்கிலி கிடந்தது. ஆர்த்யோம் புதுச் சட்டை போட்டு இடுப்பில் கச்சை கட்டியிருந்தான்.

"அக்கா, எங்க உன் புதையல் தோண்டுறவன்?" என்று கேட்டுக்கொண்டே முற்றத்துக்குள் வந்தான். "நாளைக்குத் திரும்பறப்போ தேடிக்கிட்டு நிக்க முடியாது. இப்பவே படகுல கட்டிப் போட்டுடறேன்."

அன்ஃபீஸாவே போய் நாயின் கழுத்தில் கயிற்றைப் போட்டாள். சங்கிலியை வேறு யாரும் போடுவதற்கு முன்னால் துறைவரை தன் கையால் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று நினைத்தாள். துமான் நடைக்குத்தான் போகிறோம் என்று குதித்தது.

கொட்டகைக் கதவு திறந்தது.

"மச்சான், அந்தச் சங்கிலிய என் கழுத்துல போடு" என்றார் கிரீலா.

உலீத்தா திரும்பிப் பார்த்தாள். "திருநாளுக்கு முந்தியே ஆரம்பிச்சுட்டியா? வாயை ஊது பாப்போம்."

"ஒரு சொட்டு தொடல. கேளு, சொல்லிடறேன். அந்த நாயத் தோண்ட வச்சதே நான்தான்."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். மூடிய குழிகள், வாளி, மீன் தலை. சொல்லச் சொல்ல ஆர்த்யோமின் தோள் குலுங்கத் தொடங்கியது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினான். உலீத்தா மட்டும் அசையாமல் கேட்டாள்.

"எவ்வளவு ஆழத்துல போட்ட?"

கிரீலா கையை விரித்து ஒரு சாண் காட்டினார். யோசித்து, அதையும் கொஞ்சம் குறைத்தார்.

"முழங்கை முங்குற ஆழம், மேல ஒரு பிடி சாம்பல். கல்யாணமான வருஷத்துலேர்ந்து சொல்லிக்கிட்டிருக்கேன். நடவு நட்டப்பவும் வாசல் பக்கத்து வரிசைக்கு இப்படித்தான் போட்டியா?"

"இடுப்பு குனியல உலீத்தா."

"இடுப்பு குனியலன்னா வாயத் திறக்கறதுதானே?"

"திறந்தா நீ படகுல ஏறாதேம்ப, வலையத் தொடாதேம்ப."

உலீத்தா கிணற்றுப் பக்கத்து வரிசைகளைத் திரும்பிப் பார்த்தாள். அவை அவள் கையால் நட்டவை. ஒரு செடியும் சாயாமல் நின்றன. பிறகு அன்ஃபீஸாவிடம் வந்தாள்.

"உனக்கு இது தெரியுமா?"

"தெரியும் அத்தை."

"தெரிஞ்சுமா கயித்தப் போட்ட?"

"மாமா எனக்காகத்தான் செஞ்சாரு. நான் எப்படிச் சொல்லுவேன்?"

உலீத்தா அவளை வெகுநேரம் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அன்ஃபீஸாவுக்குத் தெரியவில்லை. தன்னைத்தான் படகில் ஏற்றப் போகிறார்களோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"அவுத்து விடு" என்றாள் உலீத்தா.

"எதை அத்தை?"

"நாயத்தான். எங்கெங்க பொதச்சேன்னு இந்த மனுஷனுக்கு ஞாபகம் இருக்கப் போறதில்ல. அதுக்கு இருக்கும். ஒண்ணு விடாம எடுக்கட்டும். ஒரு தலை மிச்சமிருந்தாலும் திரும்ப வரும். ஆர்த்யோம், சட்டையக் கழட்டு."

"அக்கா, திருநாளுக்குன்னு தைச்ச சட்டை!"

"அதனாலதான் கழட்டச் சொல்றேன்."

துமானுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. இத்தனை நாளாக விரட்டிய கைகளே இப்போது பாத்தியைக் காட்டி, "தோண்டு, தோண்டு" என்றன. அது அன்ஃபீஸாவின் முகத்தைப் பார்த்தது. அவள் தலையசைத்ததும் மண் பறந்தது. அது ஒரு செடியருகே நின்று முகர்ந்தால் அன்ஃபீஸா நாற்றை மண்ணோடு பெயர்த்து மேலங்கி மடிப்பில் ஏந்திக்கொள்வாள். நாய் தலையை எடுக்கும். ஆர்த்யோம் வெற்றுடம்போடு குழியை ஆழமாக்குவான். உலீத்தா தானே மண்டியிட்டு முழங்கை வரை கையை விட்டு ஆழம் பார்த்து, புதுத் தலை ஒன்றை வைத்து, குளியல் கொட்டகை அடுப்பிலிருந்து வாரிவந்த சாம்பலை மேலே போடுவாள். கிரீலாவுக்கு ஒரு முக்காலியைப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டாள். அவர் உட்கார்ந்தபடி நாற்றுகளுக்குக் குச்சி சீவினார். நடுவில் எழுந்திருக்கப் பார்த்தபோது, "உக்காரு" என்றாள் உலீத்தா. அந்தக் குரலில் கோபம் இருந்தது, ஆனால் பழைய கோபம் அல்ல.

வேலிக்கு மேலே பெலகேயாவின் தலை தெரிந்தது. "என்ன உலீத்தா, நாளைக்குத் திருநாள வச்சுக்கிட்டுக் குடும்பமே தோண்டுது? நாய்கிட்ட வேலை கத்துக்கிறீங்களா?"

"ஆமா" என்றாள் உலீத்தா. "உன் பாத்தியும் சுமாராத்தான் இருக்கு. வேணும்னா அனுப்பி வைக்கிறேன், கூலி கேக்காது."

கடைசி வரிசை முடிந்தபோது துமானால் நடக்க முடியவில்லை. தின்றது பாதி, தின்ன முடியாமல் மூக்கால் தள்ளிவிட்டது பாதி. கிணற்றடியில் கட்டியிருந்த பாய் நிழலில் போய்ப் பொத்தென்று விழுந்தது. ஆர்த்யோம் சங்கிலியைக் கையில் எடுத்து எடை பார்ப்பது போல ஆட்டினான்.

"அப்போ இது?"

"உன் மாட்டுக்கு ஆகும், எடுத்துட்டுப் போ" என்றாள் உலீத்தா. "ஆனா கேட்டுக்க அன்ஃபீஸா. ஒரு செடி, இன்னும் ஒரே ஒரு செடி சாஞ்சாலும்…"

"சாயாது அத்தை."

"சாஞ்சா முதல்ல எங்கிட்ட சொல்லு. விடியக்காலையில ரெண்டு பேரும் சேந்து மூடாதீங்க."

மாலை ஜெபத்துக்குப் போகவேண்டிய அவசரத்தில் ஆளுக்கொரு வாளி வெந்நீராகக் குளித்து முடித்தார்கள். குளியல் கொட்டகை வாசலில் கிரீலா தாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அன்ஃபீஸா அவரிடம் போய், "கிறிஸ்து உங்களைக் காக்கட்டும் மாமா" என்றாள். அந்தப் பக்கத்து மக்கள் நன்றி சொல்வது அப்படித்தான்.

"காக்கட்டும், காக்கட்டும். உங்கத்தைகிட்டயிருந்து முதல்ல காக்கட்டும்" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "திருநாள் முடிஞ்சதும் வலை பாக்க ஆர்த்யோமோட பையன வரச் சொல்லிட்டா. நான் கரையில நின்னா போதுமாம்" என்றார். குறை சொல்வது போலத்தான் சொன்னார்.

உலீத்தாவிடமும் அதே வார்த்தையைச் சொல்ல அன்ஃபீஸா இரண்டு தடவை முயன்றாள். முதல் தடவை மாமியார் உப்பு எடுக்கப் போய்விட்டாள். இரண்டாவது தடவை, "தக்காளி பழுக்கட்டும், அப்புறம் சொல்லு" என்று வெட்டிவிட்டாள்.

மறுநாள் தேவாலயத்தில் தரை முழுவதும் ஆர்த்யோம் கொண்டுவந்த பசும்புல் பரப்பியிருந்தது. பெண்கள் பக்கத்தில் மாமியாருக்கு அருகே அன்ஃபீஸா நின்றாள். மண்டியிட்டு நெற்றி தரையில் படும்படி வணங்கும் நேரம் வந்தது. எல்லோரும் குனிந்தார்கள். யாருக்காக முதலில் வேண்டுவது என்று அவளுக்குக் குழப்பமாக இருந்தது. மாமனாரின் இடுப்புக்கா, இழுவைப் படகில் இருக்கும் சவேலிக்கா, தின்ற மீன் செரிக்காமல் முனகிக்கொண்டிருக்கும் துமானுக்கா? நாய்க்காக வேண்டலாமா என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. தலையைக் கொஞ்சம் திருப்பினாள். புல்லின் மேல் ஊன்றியிருந்த உலீத்தாவின் கைகள் கண்ணெதிரே இருந்தன. தேவாலயத்துக்கு வரும்போது நகத்தில் ஒரு பொட்டு அழுக்கு இருந்தாலும் திரும்பிப் போகிற மனுஷி அவள். இன்று பத்து நகத்தின் ஓரத்திலும் சாம்பலும் வண்டலும் கருப்பாக ஒட்டியிருந்தன. அன்ஃபீஸா பார்ப்பதை உலீத்தா பார்த்துவிட்டாள். கையை மறைக்கவில்லை.

"முன்னால பாத்துக் கும்பிடு" என்று முணுமுணுத்தாள்.